ஹிங்கன்காட்டில் ஒரு கல்லறை

அன்புள்ள தம்பி,

நாக்பூர் பக்கம் ரோடு சர்வே வேலைக்குப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையென்றால் ஒரு காரியம் செய். சந்திரபூர் தாண்டி வார்தா மாவட்டத்தில் ஹிங்கன்காட் என்று ஒரு ஊர் வரும். பருத்தி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே ஒரு பட்டாளத்து அதிகாரியின் கல்லறை இருக்கிறது. ஒரு வேளை ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் போ. நான் அந்த வழியில் நாலைந்து தடவை போயிருக்கிறேன், ஒருமுறைகூட இறங்கவில்லை.

லெப்டினன்ட் கர்னல் வில்லியம் லாம்ப்டன். 1799 ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தில், இருட்டில் படை திசை தவறிப் போவதை நட்சத்திரத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர். ஆனால் அவரை நாம் நினைக்கவேண்டியது அதற்காக இல்லை. இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயை ஆரம்பித்துவைத்தவர் அவர்.

பரங்கிமலையில் முதல் நாள் உன் தோளில் ஸ்டாண்டை ஏற்றிவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி அவர் அடிக்கோடு, அதாவது மற்ற எல்லாத் தூரத்தையும் கணக்கிட ஆதாரமான முதல் கோடு, அளக்க ஆரம்பித்ததும் அங்கேதான். அங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல். 100 அடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்திலேயே வெப்பமானி வைத்து, சித்திரை வெயிலில் இரும்பு எவ்வளவு நீளுகிறது என்று கணக்குப் போட்டுக் கழித்துக்கொண்டே போனார். 57 நாள் ஆயிற்று. உன் கருவிக்கு அது அரை நாள் வேலை. ரொம்பப் பெருமைப்படாதே.

தஞ்சாவூர் கதைதான் எனக்குப் பிடித்தது. 1808-இல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, அதன் வட்டத்தட்டு நெளிந்துவிட்டது. வேறு ஆளாயிருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பார். இவர் பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, அதற்குப் பொருந்தும்வரை தட்டை மெல்ல மெல்ல இழுத்து, வளைந்த ஆரக்கால்களைச் சின்ன மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். டிரைபாட் கீழே விழுந்ததும் நீ முழித்த முழி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்குப் போகும் வழியில், 1823 ஜனவரி 20-ஆம் தேதி, ஹிங்கன்காட்டில் இறந்துபோனார். வயது எழுபதை ஒட்டி. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஜார்ஜ் எவரெஸ்ட். 1865-இல் அவர் பெயரை உலகத்தின் உச்சிச் சிகரத்துக்கே வைத்துவிட்டார்கள். வேலையை ஆரம்பித்தவருக்கு இந்தக் கல்லறை. அதற்காக லாம்ப்டனைப் பாவம் என்று நினைத்துவிடாதே. அவருக்காவது பெயர் எழுதிய கல் உண்டு. அவர்களோடு காட்டுக்காய்ச்சலில் செத்த கொடி பிடித்த ஆட்களையும் கலாசிகள் என்ற சர்வேக் கூலியாட்களையும் எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. நாற்பது வருஷம் செயின் இழுத்தவன் எழுதுகிறேன், வேறு எப்படி எழுதுவேன்?

போனால் மாலை கீலை எல்லாம் வேண்டாம். முள் கிள் மண்டியிருந்தால் கொஞ்சம் ஒதுக்கிவிடு. பிறகு கருவியை எடுத்து அந்தக் கல்லின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொள். ஒரே ரீடிங்கோடு விட்டுவிடாதே, மூன்று எடு. சராசரியை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்