கன்டெய்னர் மாநாட்டில் ஆத்தங்குடிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கன்டெய்னர் துறைமுகங்கள், கப்பல் சரக்குப் போக்குவரத்து பற்றிய வர்த்தகக் கண்காட்சி, மாநாடு குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். ராட்சத கிரேன்களைப் பற்றிப் பேசும் அரங்கில், கன்டெய்னர் பெட்டிக்குள் சரக்கு அடுக்கும் சிறு உற்பத்தியாளருக்கும் இடம் தர வேண்டும். சரக்கு பாழாவது பெரும்பாலும் அப்படி அடுக்குவதில் நேரும் தவறால்தான்.

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில் செய்யும் சிமென்ட் தரைக்கல்லையே எடுத்துக்கொள்வோம். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். 25 டன் சிமென்ட் கல் ஏற்றினால் அதில் பாதிகூட நிறையாது. எடை வரம்பு முந்திக்கொள்ளும். மிச்ச இடத்தைக் கட்டையும் காற்றுப்பையும் வைத்து முட்டுக்கொடுக்காவிட்டால், தூத்துக்குடியில் ஏறி கொழும்பில் கப்பல் மாறுவதற்குள் ஓரங்கள் உதிர்ந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்த கல் நன்கு உலராமல் பெட்டிக்குள் போனால் உப்புப் பூத்து நிறம் மங்கும். எடைக் கணக்கிலும் கோளாறு உண்டு. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. கல்லின் எடையோடு, கதவில் எழுதியிருக்கும் காலிப் பெட்டியின் எடையைக் கூட்டுபவர்கள், மரப் பலகை, முட்டுக்கட்டைகளின் எடையை விட்டுவிடுகிறார்கள். எடைமேடையில் கணக்கு இடிக்க, அந்த வாரக் கப்பல் போய்விடுகிறது.

மாநாட்டு அமைப்பாளர்கள் காரைக்குடியில் ஒரு நாள், காலிப் பெட்டி ஒன்றை நிறுத்தி, கல் அடுக்கி முட்டுக்கொடுப்பதைச் செய்முறையாகக் காட்டலாம். எடைப் படிவத்தின் தமிழ் மாதிரியையும் அன்றே வழங்கலாம்.

— வாசகர், காரைக்குடி