மேட்டுத் தண்ணீருக்கு மேட்டிலேயே வழி பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே புதுச்சேரியில் வாய்க்கால் தூர்வாரும் படங்கள் பத்திரிகைகளில் வர ஆரம்பித்துவிடும். தூர்வாருவது நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் இந்திரா காந்தி சதுக்கத்தில் தேங்கும் தண்ணீருக்குச் சதுக்கத்தில் மட்டும் வேலை செய்து பயனில்லை.

கோரிமேடு, லாஸ்பேட்டை பக்கமெல்லாம் செம்மண் மேடு. அங்கே பெய்யும் மழை கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் என்று பள்ளம் பார்த்து இறங்கி வருகிறது. முன்பு அந்த மண்ணே நிறையக் குடித்துக்கொள்ளும். இப்போது மேடு முழுக்க மாடி வீடு, சிமெண்ட் தரை, தார்ச்சாலை. ஒரு ஹெக்டேரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர்; அது அப்படியே கீழே வருகிறது. ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்கே 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதற்கு எந்த வடிகாலும் தாங்காது, சரி. சாதாரண மழைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்கு இப்போது படியிறங்கிப் போக வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு வந்த உயரம் இது. அடுத்த தெருவை உயர்த்தினால் தண்ணீர் எங்களிடம் வருகிறது. நாங்கள் சண்டை போட்டு மோட்டார் வாங்கி வைத்து இறைத்தால், அது அவர்கள் முனையில் போய் நிற்கிறது. சுரண்டிவிட்டுத்தான் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு உத்தரவிட்டது. இங்கேயும் அதைக் கட்டாயமாக்கலாம்.

மேட்டுப் பகுதி உழவர்கரை நகராட்சி, டவுன் புதுச்சேரி நகராட்சி, பெரிய வாய்க்கால்களுக்குப் பொதுப்பணித் துறை. ஒவ்வொருவரும் தங்கள் எல்லைக்குள் ஒழுங்காக வேலை செய்தாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். கோரிமேட்டிலிருந்து, ஊர் மழைநீரை வாங்கிக்கொண்டு போகும் உப்பாறு வாய்க்கால் கடலில் சேரும் இடம் வரை ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியாக எடுத்து, எல்லாரும் சேர்ந்து ஒரே வரைபடம் போட வேண்டும். எந்தச் சிறுபாலத்தின் அடிமட்டம் எவ்வளவு, எந்த சைடு வாய்க்கால் எதிர்ச்சரிவாக இருக்கிறது என்பதெல்லாம் அதில் வர வேண்டும். குடியிருப்போர் சங்கங்களையும் கூப்பிடுங்கள். எங்கள் முனைச் சிறுபாலத்தின் வாய்க்குக் குறுக்கே ஒரு குடிநீர்க் குழாய் ஓடுகிறது. கேரிபேக்கும் இளநீர் மட்டையும் அதில் மாட்டிக்கொண்டு அடைக்கின்றன. இதை அலுவலக வரைபடத்தில் பார்க்க முடியாது, தெருவில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், மேட்டில் இருப்பவர்கள். பெரிய வளாகங்களும் விளையாட்டுத் திடல்களும் அங்கே இருக்கின்றன. அங்கே மழையைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தாலே போதும். கடல் ஏற்றத்தின்போது உப்பாறு வாங்காத நேரத்தைச் சமாளித்துவிடலாம். "எங்களுக்கு என்ன லாபம்?" என்று கேட்டால், போர்வெல்லில் உப்பேறும் ஊரில் அந்தக் கேள்வியே வரக்கூடாது. 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 1 செ.மீ. மழைக்கு 1,000 லிட்டர் நிலத்துக்குள் இறக்கலாம்.

வரைபடம் முடியும்வரை வார்டு வாரியாகச் சாலை உயர்த்தும் டெண்டர்களை நிறுத்தி வையுங்கள். இரண்டு நகராட்சிப் பொறியாளர்களும் பொதுப்பணித் துறையினரும் அக்டோபரில் முதல் நல்ல மழை விழும் அன்றே கோரிமேட்டிலிருந்து நடந்து வரட்டும். எங்கள் தெருவிலிருந்து குடையோடு வர ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரெயின்போ நகர், புதுச்சேரி.