அந்த வரியை அழித்துவிடாதே, மச்சான்

சுங்கை சிப்புட்
சனிக்கிழமை இரவு

அன்பு மச்சான்,

நீ கோப்பு அனுப்பி மூன்று வாரமாகிறது. பதில் போடாதது என் தப்பு, பொறுத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். நம்ம கூட்டாளி ‘சேவல்’ உன்னைக் கேட்டான். முனீஸ்வரர் திருவிழாவுக்கு நீ வராத கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆலைத் தராசில் லோரிக்குக் கழிவு (பிடித்தம்) கணக்கிடும் புரோகிராமில், செம்பனைக் குலைத் தரப் பட்டியலை விதிகளுக்குள்ளிருந்து வெளியே எடுத்து எக்செலில் வைத்தது நல்ல வேலை. தராசுக் கிராணியே (எழுத்தரே) ஒரு தரத்தைச் சேர்க்கலாம், புரோகிராமருக்குக் காத்திருக்க வேண்டாம். ஆனால் பழுக்காத குலைக்கு வைத்த ‘மூடா’ என்ற சொல்லே குறியீடாகவும் இருக்கிறது, திரையில் தெரியும் பெயராகவும் இருக்கிறது. நாளைக்கு ஒருவர் அதைக் ‘காய்’ என்று திருத்தினால், அந்தச் சொல்லை நம்பி எழுதிய விதி ஒன்றுகூட வேலை செய்யாது. இரண்டு பத்தியாகப் பிரி. ஒன்றில் ஜி01, ஜி02 என்று மாறாத குறியீடு, மற்றதில் பெயர். பெயரை எத்தனை முறையும் மாற்றிக்கொள்ளட்டும்.

எக்செலிலும் கவனமாக இரு. மைகார்டு அடையாள அட்டை எண்ணில் பேராக் மாநிலத்தின் குறியீடு 08. சும்மா தட்டினால் அது 8 ஆகிவிடும். மர வயதுக்கு ‘4-8’ என்று போட்டிருக்கிறாய், அதை ஆகஸ்ட் 4 என்று எடுத்துக்கொள்ளும். முதலில் அந்தப் பத்தி முழுவதையும் ‘டெக்ஸ்ட்’ ஆக்கு, பிறகு தட்டு. தட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது. வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போது கடைசியில் ஒரு இடைவெளியும் ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இயந்திரத்துக்கு அது வேறு மதிப்பு.

இதெல்லாம் சில்லறை. என்னைத் தூங்கவிடாதது பட்டியலில் இருந்த ‘நீண்ட காம்பு’ என்ற தரத்தின் வரி. இப்போது எல்லாரும் காம்பை வெட்டித்தான் அனுப்புகிறார்கள், 5 செ.மீ. தாண்டுவதே இல்லை என்று அதை அழித்துவிட்டாய். அழிக்காதே மச்சான்! பழைய லோரிச் சீட்டுகள் அந்தக் குறியீட்டோடுதான் கிடக்கின்றன. சிறு தோட்டக்காரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு முந்தைய சீட்டோடு வந்து கழிவு தப்பு என்று நின்றால், எதை வைத்து மறுபடி கணக்குப் போடுவாய்? ஜி.எஸ்.டி. என்ற பொருள் சேவை வரியை நினைத்துப் பார். 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காட்டோடு வந்தது, 2018 ஜூன் 1-இல் பூஜ்யமானது, அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற விற்பனை, சேவை வரி வந்தது. அந்த ஜி.எஸ்.டி. குறியீடுகளை அன்றைக்கே அழித்திருந்தால் 2017-ஆம் ஆண்டு பில் ஒன்றைக்கூடச் சரிபார்க்க முடியாது. கணக்குகளையோ ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதனால் ‘தொடக்க நாள்’, ‘முடிவு நாள்’ என்று இன்னும் இரண்டு பத்தி சேர். வேண்டாத தரத்துக்கு முடிவு நாள் போடு, தேர்வுப் பட்டியலான டிராப்டவுனில் காட்டாதே, எக்செலில் அந்த வரி மட்டும் இருக்கட்டும். விதி பார்க்க வேண்டியது சீட்டின் தேதியை, கணினியின் இன்றைய தேதியை அல்ல. அழித்த குறியீட்டு எண்ணை வேறு தரத்துக்குக் கொடுத்துவிடாதே. அது அழிப்பதைவிடக் கேடு.

இன்னொன்று. விதிகளை ஓட்டும் மென்பொருளான ட்ரூல்ஸில், எனுமரேஷன் என்ற மதிப்புப் பட்டியல் கோப்பு, விதி எழுதுகிறவருக்கு டிராப்டவுனில் காட்டுவதற்குத்தான். ஓடும்போது தராசிலிருந்து வருவதை அது சோதிக்காது. பட்டியலில் இல்லாத குறியீடு வந்தால் எந்த விதியும் பொருந்தாது, கழிவே இல்லாமல் லோரி போய்விடும், யாருக்கும் தெரியாது. ‘பட்டியலில் இல்லையென்றால் நிறுத்து’ என்று தனியாக ஒரு விதி எழுது.

டி.எம்.என். என்ற முறையில் எழுதிய முடிவு அட்டவணையில், பல விதிகள் பொருந்தினால் எந்த விடையை எடுப்பது என்பதற்கு முன்னுரிமைக் கொள்கையை, அந்த ‘பி’யை வைத்திருக்கிறாய். அதில் விடைப் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் முன்னுரிமை. நீ அழகுக்காக அகர வரிசைப்படுத்தியதில் ‘ஏற்றுக்கொள்’ மேலே ஏறி, ‘திருப்பி அனுப்பு’ கீழே போய்விட்டது. இரண்டும் பொருந்துகிற அழுகல் லோரி இப்போது நேராக உள்ளே வரும். வாய்ப்பாட்டையே வரிசை மாற்றி ஒப்பித்து வாத்தியாரிடம் வாங்கியவன் நீ, இதை மறக்கலாமா?

புதுத் தரம் சேர்க்கும்போது முதலில் விதிப் பக்கம் ஏற்று, கடைசியில் தராசுத் திரையில் காட்டு. நிறுத்தும்போது தலைகீழ், திரையிலிருந்து முதலில் எடு. பல இடங்களில் சர்வர் தொடங்கும்போதுதான் பட்டியலைப் படிக்கும். கோப்பை மாற்றிவிட்டு அதை மறுபடி ஏற்றாமல் போய்விடாதே.

திங்கட்கிழமை கிராணி கையில் கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். அதற்குள் ‘நீண்ட காம்பு’ வரியைத் திரும்பப் போட்டு, போன மாதச் சீட்டில் இருபதை ஓட்டிப் பார். கழிவு ஒரு சென்னாவது மாறினால் அந்தச் சீட்டை எனக்கு அனுப்பு, இரவானாலும் பரவாயில்லை. அத்தைக்கு என் வணக்கம்.

உன்,
மச்சான்