திருமலை நூதனசாலைக்கு வரமுன் நண்பனுக்கு ஒரு கடிதம்

திருகோணமலை

அன்பின் ரவி,

உன் கடிதம் கிடைத்தது. ஓகஸ்ட் விடுமுறைக்கு லண்டனிலிருந்து குடும்பத்தோடு வருகிறாய் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். அம்மாவின் முழங்கால் நோ எப்படி இருக்கிறது? அதைப் பொறுத்துத்தான் அன்றைய நாளை ஒழுங்குபண்ண வேண்டும். அதனால்தான் முதலில் கேட்கிறேன்.

கடல்சார் நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் கூட்டிப்போ. அது டொக்யார்ட் வீதியில் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கடற்படை ஆணையாளரின் வீடாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம். அதைத் திருத்தி 2013 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். சின்ன இடம்தான், ஒரு மணித்தியாலம் தாராளம். அம்மா கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளட்டும், படியேற வைக்காதே. ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக வீசும். பத்து மணிக்கு முன்னம் உள்ளே போய்விட்டால் நல்லது. போயா, அரச விடுமுறை நாட்களைக் கலண்டரில் பார்த்துக்கொள்.

பிள்ளைகளை ஒவ்வொரு பலகையாக வாசிக்க வைக்கிறதுதான் அங்கே வழக்கமாக நடக்கிற பிழை. ஆறாவது பலகைக்குள் களைத்துப்போய், பிறகு ஒன்றையும் பார்க்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கொடுத்து உள்ளே அனுப்பு: போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் ஏன் இந்த ஒரு துறைமுகத்துக்காக அடிபட்டார்கள்?

விடை வாடைக்காற்றில் இருக்கிறது. சென்னை, கடலூர், நாகபட்டினம் எல்லாம் திறந்த கரைகள். ஐப்பசியில் வாடை தொடங்கினால் பாய்க்கப்பல்கள் அங்கே நங்கூரமிட்டு நிற்க முடியாது. புயலில் கரையேறி உடைந்துபோகும். அந்தப் பக்கத்தில் எந்தக் காற்றுக்கும் ஒதுங்கக்கூடிய, ஆழமான, வாய் ஒடுங்கிய துறைமுகம் திருமலைதான். இதை இழந்தவன் கப்பல்களைப் பழுதுபார்க்க இலங்கையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போகவேண்டும். 1782 ஐ வைத்தே பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தலாம். தை மாதம் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அவர்களிடமிருந்து பிடித்தான். செப்டெம்பர் 3 இல் வெளியே கடலில் சண்டை நடந்தது. ஆங்கிலேயருக்குத் துறைமுகம் திரும்பக் கிடைக்கவில்லை. அந்த மாரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் பம்பாய்க்குத்தான் போனான். அந்தச் சண்டையின் பெயரால் 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய ‘ட்ரிங்கோமலி’ என்ற கப்பல் இன்றைக்கும் உங்கள் நாட்டில், ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. முடிந்தால் புறப்பட முன்னம் பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு வா. பிறகு இங்கே பார்க்கிற ஒவ்வொன்றும் அவர்களுக்குப் பிடிபடும்.

ஆளுக்கொரு தாளில் குடாவின் வெறும் கோட்டுப்படத்தைக் கீறிக் கொடு. கோணேசர் மலை, உட்துறைமுகம், ஒஸ்டன்பேர்க், சீனன்குடா, கொட்டியாரக் குடா, மூதூர், இந்த ஆறையும் நூதனசாலைக்குள்ளேயே அவர்கள் குறிக்கட்டும். கொட்டியாரத்தில்தான் 1660 இல் ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டது துறைமுகத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும்தான். விமானங்கள் வருமென்று தெரிந்து முன்கூட்டியே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ‘ஹேர்மஸ்’ என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பலை அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் தாழ்த்திவிட்டார்கள். பெரியவனுக்கு இது பிடிக்கும்.

நூதனசாலைக்குள் இருப்பது பெரும்பாலும் கடலின் கதை. எங்கள் ஊரின் பழைய எழுத்தைப் பார்க்க பிரடெரிக் கோட்டை வாசலுக்குத்தான் போகவேண்டும். எல்லோரும் மேலே இருக்கிற கோணேசர் கோயிலுக்கு நேரமாகிறது என்று வாகனத்தில் அந்த வாசலை விறுக்கென்று கடந்துபோகிறார்கள், எனக்கு அது உண்மையிலேயே மனவருத்தம். நீ வெளியே இறங்கி நட. வாசல் நிலைக்கல்லில் இரண்டு கயல் மீன்களும், உடைந்த தமிழ் வரிகளும் இருக்கின்றன. ‘முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை, பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று சின்ன வயதில் பாடமாக்கினோமே, அந்த வரிகள்தான். குளக்கோட்டன் என்ற பழைய அரசன் திருப்பணி செய்த அந்தக் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அந்தக் கல்லைக்கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பதற்கு அந்த வாசலை விடச் சாட்சி வேண்டாம்.

நேர் வெயிலில் எழுத்து தெரியாது. வெட்டின் ஆழம் குறைவு, நிழல் விழுந்தால்தான் கோடு பிரியும். ஒருவர் கைப்பேசி டோர்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடிக்க, மற்றவர் படம் எடுக்கவேண்டும். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எடுத்தால் போதும், மீனின் வால்கூடத் தெரியும். சோக்கட்டியோ மாவோ பூசிப் பார்க்க யாராவது சொன்னால் விடாதே, கல் தேய்ந்துபோகும். வாகனம் வரும், சின்னவளைக் கையில் பிடித்துக்கொள்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் கிட்ட வரும். ஒன்றும் கொடுக்கவேண்டாம், பொலித்தீனையும் சேர்த்துத் தின்று செத்துப்போகின்றன. மேலே கோயிலில் அம்மாவுக்கு நிறைய நேரம் கொடு. 1950 இல் நகரசபை கிணறு வெட்டும்போது கிடைத்த செப்புத் திருமேனிகள், சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் பிள்ளையாரும், கண்ணாடிப் பெட்டிக்குள் போகாமல் வழிபாட்டுக்கே திரும்பி வந்தன. 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடியில் சுழியோடி இடிந்த கோயிலின் கற்களைக் கண்டார்கள். 1963 இல் குடமுழுக்கு நடந்தது. அம்மாவுக்கு இதெல்லாம் நேரில் தெரிந்த காலம், பிள்ளைகள் அவவிடமே கேட்கட்டும்.

ஹூட்ஸ் டவர் நூதனசாலையைப் பின்னேரத்துக்கு வை. அது கடற்படை முகாமுக்குள், ஒஸ்டன்பேர்க் முனையில் இருக்கிறது. எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அசலாகவே கையில் இருக்கவேண்டும். முகாமுக்குள் போகும் வழியில் படம் எடுக்கக்கூடாது. உள்ளே விடுவதா இல்லையா என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது, அதனால் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதே. அனுமதி கிடைத்தால் அந்தக் கோட்டுப்படத்தை மேலே கொண்டுபோய் விரி. காலையில் குறித்த ஆறு இடங்களையும் அவர்களே கைநீட்டிக் காட்டுவார்கள். துறைமுகத்தின் வாயை இந்த முனை எப்படி அடைத்துக் காக்கிறது என்பதை அங்கே நின்றால்தான் விளங்கும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளையும் நிலாவெளிக் கடற்கரையையும் அதே நாளில் செருகாதே. அடுத்த நாள் விடியப் போகலாம். நிலாவெளிக்குப் போகும் வழியில் யுத்தக் கல்லறையில் பத்து நிமிடம் இறங்கு, 1942 அங்கே கல்லில் இருக்கிறது.

ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, கோயிலுக்கு அம்மாவின் காலுறை. உச்சிவெயிலில் கல் சுடும், மறக்கவேண்டாம்.

வருகிற திகதி முடிவானதும் எழுது. முகாமில் எந்த நாள் விடுவார்கள் என்று முதல் கிழமையே கேட்டு வைக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
குமார்