முதல் பேட்ச்சில் நீயும் இரு

செல்லூர், மதுரை.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். அங்கே நீ, மருமகள், பாப்பா எல்லாரும் நலமாக இருக்க மீனாட்சி துணை. போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்பதைத் தவிர உன்னிடமிருந்து வேறு பேச்சு வருவதில்லை. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாதே.

மருமகள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நீ மொட்டை மாடியில் நடக்கிறாய் என்றும் அவள் சொல்லவில்லை. அவளிடம் போய்ச் சத்தம் போடாதே.

பெரியம்மா பேத்திக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. மாடித் தொட்டி ஒழுகுவதை அடைத்தாயிற்று. பிளம்பர் இரண்டு நாள் கூலி வாங்கிக்கொண்டு ஒரு நாள் வேலை பார்த்தான். அதெல்லாம் கிடக்கட்டும். நான் எழுத வந்தது உன் தையல் கம்பெனி விஷயம், அங்கே ஒரு ஆள் திடீரென்று துடிப்பு நின்று விழுந்தால் என்ன செய்வது என்று.

போன தடவை வந்தபோது உன் ஆபீஸ் சுவரில் இருக்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பஞ்சு, காஜ் துணி, டெட்டால், தீக்காயத்துக்குக் களிம்பு, எல்லாம் தேதி தாண்டாமல் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. தொழிற்சாலைச் சட்டம், 1948-இல் வந்தது, 45-ஆம் பிரிவில் 150 பேருக்கு ஒரு பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்த ஒரு ஆள் என்று சொல்லி வைத்திருந்தது. 500 பேருக்கு மேல் போனால் ஆம்புலன்ஸ் அறை. உன்னிடம் துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறவன் பெட்டியைப் பார்த்து டிக் போட்டுவிட்டுப் போவான். விரலில் ஊசி ஏறினால், கத்தரி பட்டால் அந்தப் பெட்டி போதும். இதயத் துடிப்பு நின்ற ஒருவருக்கு அதில் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. அதற்குக் கை வேண்டும், பழகின கை.

வருஷா வருஷம் ஃபயர் டிரில் நடத்துகிறாய். சைரன் அடிக்கிறது, பெண்பிள்ளைகள் மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு வரிசையாக இறங்கி கேட் பக்கம் நிற்கிறார்கள், போட்டோ எடுக்கிறீர்கள். நல்லது. அதே மாதிரி ஒரு ஆள் தொப்பென்று விழுந்தால் யார் நெஞ்சில் கை வைப்பது, யார் போன் பண்ணுவது, யார் ரோட்டு முனைக்கு ஓடுவது என்று ஒரு நாளாவது நடித்துப் பார்த்ததுண்டா? தீப்பிடிப்பதை விட ஆள் விழுவதுதானப்பா அதிகம்.

ஹார்ட் அட்டாக் வந்தவனும் துடிப்பு நின்றவனும் வேறு வேறு. அட்டாக் வந்தவன் பேசுவான். நெஞ்சை யாரோ மிதிக்கிறார்கள், இடது கை குடைகிறது, தாடை வலிக்கிறது என்பான், வேர்த்து ஊற்றும். கேஸ் ட்ரபிள் என்று சோடா உடைத்துக் கொடுப்பார்கள். சோடா வேண்டாம். நடக்க விடாமல், படி இறங்க விடாமல் உட்கார வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டேட்டின் மூன்றையும் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இலிருந்து இருக்கிறது. அவனுக்குக் கொஞ்சமாவது நேரம் உண்டு. ஆனால் அவனுக்கே எந்த நிமிஷமும் துடிப்பு நின்றுவிடலாம், அதனால் தனியே விடக் கூடாது.

துடிப்பு நின்றவனுக்கு நேரமே கிடையாது. இதயத்துக்குள் ஓடும் கரண்ட் தாறுமாறாகி, அடிக்க வேண்டியது சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். ரத்தம் மூளைக்கு ஏறாது. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு சரியில்லை. இந்த இரண்டும் போதும், நாடி பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். சில பேருக்கு முதலில் கை கால் வெட்டி இழுக்கும். வலிப்பு என்று சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். நிறைய பேருக்குத் தரையில் போட்ட மீன் வாயைத் திறக்கிற மாதிரி எப்போதாவது ஒரு இழுவை வரும். அது மூச்சே இல்லை. கேஷுவாலிட்டி டூட்டியில் நான் இருந்த காலத்தில், கூட வந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: "வர்ற வழி பூரா மூச்சு இருந்துச்சு சிஸ்டர்." ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்து, தலை தொங்காமல் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, கோரிப்பாளையம் நெரிசலில் ஹாரன் அடித்து அடித்து வந்து சேருவார்கள். சட்டையெல்லாம் அவர்கள் வியர்வையால் நனைந்திருக்கும். அவ்வளவு நேரத்தில் நெஞ்சின் மேல் ஒரு கை விழுந்திருக்காது.

அதனால் சொல்கிறேன், காரை எடுக்காதே. ஆட்டோவும் பிடிக்காதே. விழுந்த இடத்திலேயே கட்டாந்தரையில் மல்லாக்கக் கிடத்து. 108-க்கு அடித்து ஸ்பீக்கரில் போடச் சொல். உள்ளங்கையின் அடிப்பாகத்தை நெஞ்சின் நட்டநடுவில் வை, அதன் மேல் இன்னொரு கை, முழங்கை மடங்கக் கூடாது. குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிஷத்துக்கு 100-இலிருந்து 120 தடவை. ஒவ்வொரு அமுக்குக்கும் நெஞ்சு முழுசாக மேலே வரணும், அப்போதுதான் ரத்தம் திரும்ப நிரம்பும். விலா எலும்பு 'படக்'கென்று சொல்லும், பயப்படாதே, எலும்பு கூடிவிடும். வாயில் வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் வேண்டாம், அமுக்கினால் போதும். (கண்மாயில் முங்கின பிள்ளைக்கு அப்படி இல்லை, அங்கே மூச்சும் கொடுக்கணும். அதை நேரில் சொல்லித் தருகிறேன்.) அமுக்குகிறவன் இரண்டு நிமிஷத்தில் தளர்ந்துவிடுவான், தனக்குத் தெரியாமலே மேலோட்டமாக அமுக்குவான். ஆள் மாற்று.

நம் தெருத் தறிக்கூடத்து ஆட்களுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இதைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியும். அங்கே ஒன்று கண்டுபிடித்தேன். எண்ணிக்கொண்டே அமுக்கச் சொன்னால் பத்து வரைக்கும் வேகம் சரியாக இருக்கிறது. "இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தேழு" என்று போகும்போது சொல் நீண்டு கையும் அதோடு சேர்ந்து இழுபடுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் நூறுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அதனால் ஒண்ணிலிருந்து பத்து வரை, மறுபடி ஒண்ணிலிருந்து பத்து என்று மாற்றினேன். தறி ஓட்டுகிறவர்களுக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. ஓடுகிற தறியின் தாளத்திலேயே நாளெல்லாம் இருக்கிறவர்கள் அல்லவா. டாக்டர்களுக்குக் கூட அவ்வளவு சீராக வராது.

நீ தீபாவளி லீவில் வந்தபோது தலையணையைப் போட்டு உன்னையும் அமுக்கிப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாய். சரி, அதை விடு. அன்றைக்கு உனக்கு வேறு யோசனை இருந்திருக்கும்.

இது என்ன டாக்டர் வேலை என்று உன் சூப்பர்வைசர் கேட்பான். நெஞ்சைக் கிழிக்காமல் வெளியிலிருந்து அமுக்கினாலே போதும் என்று 1960-இல் அமெரிக்காவில், பால்டிமோரில் மூன்று பேர் எழுதினார்கள். அதில் மூத்தவர் கௌவன்ஹோவன், மின்சார இன்ஜினியர். உன் கம்பெனி எலக்ட்ரீஷியனிடம் இதைச் சொல், சந்தோஷப்படுவான்.

ஒரு கை கூட வைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7-இலிருந்து 10 சதவீதம் குறைகிறது. 108 வேகமாகத்தான் வருவார்கள், 2008-இலிருந்து எத்தனை உயிரைக் கொண்டு வந்து சேர்த்திருக்கிறார்கள் என்று வார்டில் நின்று பார்த்தவள் நான். ஆனால் உன் கேட்டை மறித்துத் துணி வேன் நின்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? லோடு லிப்ட் சாவி யாரிடம் இருக்கிறது? உங்கள் சந்துக்குள் வழி காட்ட மெயின் ரோட்டில் யார் நிற்பது? இதெல்லாம் இன்றைக்கே பெயர் எழுதி ஒட்டக்கூடிய விஷயம். டே ஷிப்டுக்கு ஒரு பெயர், நைட் ஷிப்டுக்கு ஒரு பெயர். வாட்ச்மேனை விட்டுவிடாதே, ஞாயிற்றுக்கிழமை அவர் மட்டும்தான் இருப்பார்.

தாறுமாறாக நடுங்குகிற இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற ஏ.இ.டி. மிஷின் ஒன்று வாங்கு. லட்ச ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும், உன்னால் முடியும். திறந்தால் அதுவே பேசும். அதிலிருக்கும் ஒட்டுப் பட்டை இரண்டில் ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே, இன்னொன்று இடது அக்குளுக்குக் கீழே விலாவில். வேர்வையைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும், கட்டிங் வேஸ்ட் துணிக்கு உன்னிடம் பஞ்சமா. ஷாக் தேவையா இல்லையா என்று அதுவே பார்த்துக்கொள்ளும், தேவையில்லாதவருக்கு அடிக்காது. லாஸ் வேகாஸ் என்ற ஊரில் சூதாட்ட விடுதிக் காவலாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பழக்கினார்கள். 2000-இல் அந்த ஆய்வு வந்தது. ஷாக்குக்கு அடங்குகிற கோளாறு இருந்தவர்களில், விழுந்த 3 நிமிஷத்துக்குள் ஷாக் கிடைத்தவர்கள் 74 சதவீதம் பேர் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். 3 நிமிஷம் தாண்டினவர்களில் 49. கொடுத்தவர்கள் வாட்ச்மேன்கள், டாக்டர் இல்லை. அதை வாங்கி உன் ரூமில் வைத்துப் பூட்டிவிடாதே. பேட்டரிக்கும் ஒட்டுக்கும் காலாவதித் தேதி உண்டு, கணக்குப்பிள்ளை காலண்டரில் குறித்துக்கொள்ளட்டும். அது பேசுகிற மொழி உன் ஆட்களுக்குப் புரியுமா என்று கேட்டு வாங்கு. ஒடிசா, பீகார் பிள்ளைகள் பாதிப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தியில் சொல்ல ஒருவரைப் பிடி.

பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும். செக்கிங்கில் ஒரு பெண் விழுந்தால் ஆம்பளைகள் தொடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்பார்கள். தொட்டால் போலீஸ் கேஸ் வருமோ என்கிற பயம் வேறு. சாலை விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்தாயிற்று, ஆனாலும் ஜனங்கள் மனசில் அந்தப் பயம் போகவில்லை. முதலாளி முன்னால் நின்று "தொடு, நான் இருக்கிறேன்" என்று சொன்னால்தான் போகும்.

கட்டிங் மாஸ்டர் இறந்த முப்பதாம் நாளுக்கு அவர் வீட்டுக்குப் போனாயா? பணம் அனுப்பியது சரி, அனுப்பத்தான் வேண்டும், ஈ.எஸ்.ஐ. எல்லாம் ஒழுங்காகக் கட்டி வைத்திருந்தாய் என்று அந்த அம்மாவே சொன்னார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் பணத்தை சூப்பர்வைசர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். அது நம் வீட்டுப் பழக்கம் இல்லை. நீ இரண்டு மிஷின் போட்டு வாடகைக் கொட்டகையில் இருந்தபோது சம்பளம் பேசாமல் துணி வெட்டிக் கொடுத்தவர். நீயே போ. உட்கார். டீ கொடுத்தால் குடி.

காரை விற்கப் போகிறாயாம். மைலேஜ் இல்லை என்று சொன்னாயாம். (இதையும் மருமகள் என்னிடம் சொல்லவில்லை.) நல்ல வண்டி. ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

இதை நர்ஸாகச் சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, டாக்டர் கட்டிலோரம் நிற்க, நின்ற நொடியே அமுக்க ஆரம்பித்து, ஷாக் கொடுத்து, மருந்து ஏற்றி, அப்படியும் திரும்பாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னது செய்திருந்தால் இன்னார் இருந்திருப்பார் என்று யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. நூறு பேர் விழுந்தால் இத்தனை பேரைக் கூடுதலாகக் காப்பாற்றலாம் என்று மட்டும்தான் சொல்ல முடியும். மொட்டை மாடியில் நீ போட்டுக்கொண்டிருக்கிற கணக்குக்கு விடை வராது. சொல்லித் தராதவர்களுக்குத் தெரிந்தது தூக்கிக்கொண்டு ஓடுவதுதான். கை காட்டிவிட்டு நிற்கிறவன் ஓட மாட்டான், பிரியம் உள்ளவன்தான் ஓடுவான். அடுத்த தடவை ஓடாதே, அவ்வளவுதான். காரை எடுக்காதே.

இன்னொன்று. இந்த ஆவணியில் உனக்கு அப்பா போன வயசு வருகிறது. ஈ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. "அப்புறம் பார்க்கலாம்மா" என்ற பதில் வேண்டாம்.

சனிக்கிழமை காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறுகிறேன். பயிற்சிப் பொம்மை ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன், தருவார்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான தலையணை இரண்டு போதும். பஸ் ஸ்டாண்டுக்கு நீயே காரை எடுத்துக்கொண்டு வா, டிரைவரை அனுப்பாதே.

சம்பள நாள் என்பதால் எல்லாரும் இருப்பார்கள். பதினைந்து பதினைந்து பேராகப் பிரித்து வை, கட்டிங் டேபிள் பக்கம் தரையைக் கூட்டிப் பாய் விரி. முதல் பேட்ச்சில் நீயும் இரு. சட்டை கசங்கும், பழையது போட்டுக்கொள். இதற்கு ஆகிற நேரத்துக்கு யாருக்கும் சம்பளம் பிடிக்காதே, டீயோடு வடையும் வாங்கி வை.

இப்படிக்கு,
அம்மா