‘பாவிக்காதது’ என்று விற்கப்பட்ட பார்க்கர் 45 மைப்பேனை பற்றிய முறைப்பாடு

கல்லடி,
மட்டக்களப்பு.

முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

இம்மாதம் 3ஆம் திகதி தங்கள் இணையத்தளத்தில் பார்க்கர் 45 மைப்பேனை ஒன்றுக்கு ஓடர் கொடுத்து, ரூபா 38,500உம் கூரியர் கட்டணம் ரூபா 650உம் வங்கி அட்டையால் செலுத்தினேன். பொதி 6ஆம் திகதி வந்தது. விளம்பரத்தில் இருந்த சொற்களை அப்படியே எழுதுகிறேன்: ‘உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரி. பாவிக்காதது. 14 காரட் தங்க நிப், ஃபைன். 2006 கடைசித் தொகுதி. கன்வேட்டருடன்.’ இவற்றில் உண்மையாக இருந்தது உற்பத்தி நிறுத்தப்பட்டது என்ற ஒன்றுதான். அதையும் பார்க்கர் கொம்பனி செய்தது, நீங்கள் செய்யவில்லை.

முதலில் அந்த ‘இன்னும் 2 மட்டுமே’ என்ற சிவப்பு எழுத்தைப் பற்றி. ஓடர் கொடுக்கும்போது 2 என்று இருந்தது. நான் ஒன்றை வாங்கிய பிறகும் 2. பொதி கைக்கு வந்த நாளிலும் 2. கல்முனையில் உள்ள நண்பர் ஒருவர் தன் தொலைபேசியில் திறந்து பார்த்தார், அங்கேயும் 2. நான்கு நாட்களில் திரையைப் பிடித்த படங்களை இத்துடன் அனுப்புகிறேன். இனிமேல் செய்யப்படாத ஒரு பொருளைத் தேடுகிறவன் இரண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும், ஒரு கேள்வி கேட்டு மறுமொழிக்குக் காத்திருக்கவும் விரும்புவான். அந்த அவகாசத்தைப் பறிப்பதற்குத்தான் அந்த எண் அங்கே நிற்கிறது. நிப்பின் கிட்டப் படம் ஒன்று கேட்டு உங்களுக்கு எழுதியிருந்தேன். ‘ஸ்டொக் முடியப்போகிறது, விரும்பினால் இப்போதே எடுங்கள்’ என்று பதில் வந்தது. படம் வரவில்லை.

இனிப் பேனை. பார்க்கர் 45 பாவித்தவர்களுக்குத் தெரியும், இதன் நிப் தனியாகக் கழன்று வரும். நிப்பும் அதன் அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் கறுப்பு நாக்கும் ஒரு சிறிய பிளாஸ்ரிக் வளையத்துக்குள் இருக்க, அந்த வளையம் விரல் பிடிக்கும் கழுத்துக்குள் மரையாகத் திருகப்பட்டிருக்கும். 1960இல் இந்த மாதிரி வந்தபோது இதுதான் அதன் சிறப்பு: நிப் பிடிக்கவில்லையென்றால் கடையிலேயே வேறொன்று மாற்றிக்கொள்ளலாம். அதே சிறப்பால்தான் இன்றைக்குப் பாவிக்காத உடலில் பாவித்த நிப்பைத் திருகி, முழுவதும் புதிது என்று விற்கவும் முடிகிறது. எனக்கு வந்தது அப்படி ஒன்று. உடலில் கீறல் இல்லை, மூடியின் உருக்குப் பளபளப்பு அப்படியே இருக்கிறது. பழுது முழுவதும் கழுத்துக்கு முன்னால்தான்.

மை ஊற்றுவதற்கு முன் பேனையைக் கழுவினேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் பெற்றோல் ஷெட்டில் விற்கும் பற்றரித் தண்ணீர்தான் இதற்குப் பாவிப்பது. ஒரு கோப்பைத் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. கழுத்தை அதில் வைத்த சில நிமிடங்களில் நிப்பின் கீழிருந்து நீல நூல் போல மை இறங்கத் தொடங்கியது. இரவு முழுக்க ஊறிய பின் கோப்பையின் அடி தெரியவில்லை. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: தொழிற்சாலையில் நிப்பை மையில் தொட்டு எழுதிப் பார்த்து அனுப்புவதும் உண்டு, ஆகவே புதுப் பேனையிலும் லேசான நிறம் வரலாம். ஆனால் தொட்டு எழுதிய மை நாக்கின் முனையோடு நிற்கும். இங்கே மை வளையத்தின் மரைக்குள், கழுத்தின் உள்ளே, மை எடுக்கும் குழாயின் பின்பக்கம் வரை கட்டியாகக் காய்ந்திருந்தது. மை நிரப்பி எழுதி, கழுவாமல் வருடக்கணக்கில் போட்டு வைத்த பேனையில்தான் அப்படி இருக்கும்.

மறுநாள் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் நிப்பையும் நாக்கையும் சேர்த்துப் பிடித்து, இடப்பக்கமாகத் திருப்பினேன். பலம் கொடுக்கவே தேவைப்படவில்லை, நாலாவது சுற்றில் கையில் வந்தது. அப்போதுதான் வளையத்தைப் பார்த்தேன். மரையின் இரண்டாவது சுற்றிலிருந்து விளிம்பு வரை ஒரு மயிரிழை வெடிப்பு, அதற்குள்ளும் காய்ந்த நீல மை. வெடிப்புக்குள் மை காய்ந்திருப்பதால் அது என் கையில் ஏற்பட்டதல்ல என்பது தெளிவு. காய்ந்த மை மரையைப் பசை போல ஒட்டிப் பிடிக்கும். ஊறவைக்காமல் குறடு போட்டுத் திருகினால் இந்த மெல்லிய வளையம்தான் முதலில் போகும். யாரோ அப்படித் திருகியிருக்கிறார்கள். திருகிய பின் வெடித்ததைக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் திருப்பிப் பூட்டிவிட்டார்கள்.

இந்த வெடிப்பு கண்ணுக்குச் சின்னது, வேலையில் பெரியது. மைப்பேனையில் மை இறங்குவதற்கு நாக்கின் வழியாக அளவான காற்று மேலே போகவேண்டும். வேறு வழியால் காற்றுப் புகுந்தால் மை அளவில்லாமல் இறங்கும். பரிசோதனைக்காகத் திருப்பிப் பூட்டி மை நிரப்பி, மூடியோடு நிப் கீழே இருக்க நிறுத்தி வைத்தேன். காலையில் மூடியின் உள்ளே மை, கழுத்தின் முன்விளிம்பைச் சுற்றி ஒரு நீல வளையம். எழுதப் பிடித்தால் மூன்று விரலும் நீலம். இதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அலுவலகம் போகிறவருக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது தங்கம். 45இல் 14 காரட் தங்க நிப்பும் வந்தது, உருக்கு நிப்பும் வந்தது, தங்க முலாம் பூசிய உருக்கும் வந்தது. பூட்டியபடி பார்த்தால் கழுத்து நிப்பின் பெரும்பகுதியை மறைத்துவிடும், ஆகவே மஞ்சளாகத் தெரிவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கழற்றிய பின் 10 மடங்கு பெருக்கும் கண்ணாடியால் முழுவதும் பார்த்தேன். எங்குமே காரட் முத்திரை இல்லை. முத்திரை இல்லாவிட்டாலும் போகட்டும், நிப்பின் நடுக்கீற்றின் இரு பக்கமும், கழுத்தின் விளிம்பு உரசும் இடத்திலும் மஞ்சள் தேய்ந்து வெள்ளை தெரிகிறது. 14 காரட் தங்கத்தைத் தேய்த்தால் உள்ளேயும் மஞ்சள்தான் வரும். இதைச் சொன்னபோது உங்கள் ஊழியர் ‘காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டாது’ என்றார். வைத்தேன், ஒட்டவில்லை. எங்கள் வீட்டு எவர்சில்வர் கரண்டியிலும் ஒட்டவில்லை. துருப்பிடிக்காத உருக்கில் பல வகை காந்தத்துக்கு அசையாது. காந்தம் ஒட்டினால் தங்கமில்லை என்று சொல்லலாம், ஒட்டாததை வைத்துத் தங்கம் என்று சொல்ல முடியாது.

முனையையும் பாருங்கள், படம் வைத்திருக்கிறேன். எழுதாத நிப்பின் முனையில் உள்ள கடின உலோகப் பொட்டு வழவழப்பாக வளைந்து இருக்கவேண்டும். இதில் இடப்பக்கம் அரம் போட்டதுபோலச் சப்பையாகத் தேய்ந்திருக்கிறது. பேனையைக் கொஞ்சம் உருட்டிப் பிடித்து நெடுநாள் எழுதிய ஒருவரின் கை அது. அவர் பிடித்த கோணத்தில் எழுதினால் நெய்யாக ஓடுகிறது, நேராகப் பிடித்தால் சப்பையின் ஓரம் தாளைக் கீறுகிறது. அதோடு நடுக்கீற்றின் இரு பக்கமும் உள்ள இரண்டு பற்களும் ஒரே மட்டத்தில் இல்லை, வலது பல் சற்று மேலே நிற்கிறது. கீழ்நோக்கி இழுக்கும்போது பிழைபடாத கோடு இடமிருந்து வலம் போகையில் அறுகிறது. ‘ழ’ எழுதிப் பார்த்தால் போதும், வளைவில் மை விட்டுப்போகிறது. பற்களை விரலால் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரலாம், தேய்ந்த பொட்டைக் கொண்டுவர முடியாது. தேய்மானத்தால் கோடும் தடித்துவிட்டது. ஃபைன் என்று விற்றது மீடியமாக எழுதுகிறது.

போத்தல் மையை இழுத்து நிரப்பும் குழாயான கன்வேட்டரைப் பற்றி நீட்டுவதற்கு ஒன்றுமில்லை: வந்தது பார்க்கர் பேனைக்கு உரியதே அல்ல. பார்க்கர் தன் காட்ரிஜுக்கும் (மை அடைத்த குழாய்) கன்வேட்டருக்கும் தனி வாயளவு வைத்திருக்கிறது, பொதுவான சர்வதேச அளவுடையது அதில் பொருந்தாது. நீங்கள் அனுப்பியது பாதியில் நின்று ஆடுகிறது. கூட வந்த இரண்டு காட்ரிஜும் பார்க்கருடையதுதான், ஆனால் அடைத்தபடியே பாதி மை வற்றியிருக்கிறது. பிளாஸ்ரிக்கின் ஊடாக நீர் மெல்ல ஆவியாவது இயல்பு, மிஞ்சிய மை கெட்டியாகிவிடும். அது உங்கள் பிழையில்லை. அதை ‘இலவசம்’ என்று போட்டது மட்டும் பிழை.

‘2006 கடைசித் தொகுதி’ என்பதற்கு வருகிறேன். 1980களின் பிற்பகுதியிலிருந்து பார்க்கர் பேனைகளின் மூடி விளிம்பில் ஆண்டுக் குறியீடு இருக்கும். ‘குவாலிட்டி பென்’ என்ற சொற்களை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் பத்து எழுத்துகளும் முறையே 0 முதல் 9 வரையான எண்களைக் குறிக்கும். அந்த எழுத்து ஆண்டின் கடைசி எண். கூட நிற்கும் கோடுகள் காலாண்டு: மூன்று கோடு முதலாவது, இரண்டு இரண்டாவது, ஒன்று மூன்றாவது, கோடில்லாவிட்டால் நான்காவது. என் பேனையில் இருப்பது ‘எல்’, இரண்டு கோடு. அதாவது 3இல் முடியும் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. 1993 ஆக இருக்கலாம், 2003 ஆக இருக்கலாம், 2006 ஆகவே முடியாது. பழையது என்பதில் எனக்குக் குறையில்லை, 1993 என்று எழுதியிருந்தாலும் வாங்கியிருப்பேன். மூடியைத் திருப்பிப் பார்க்காமலே ஓர் ஆண்டை எழுதி அதற்கு விலை போட்டதுதான் குறை.

7ஆம் திகதி முதல் உங்களுக்கு மூன்று முறை வட்ஸ்அப்பில் எழுதினேன். ‘பழைய பேனை என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்பது முதல் பதில். பழையது வேறு, பாவித்தது வேறு, விளம்பரத்தில் நீங்களே அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். ‘நீங்கள் கழற்றியதால் பொறுப்பேற்க முடியாது’ என்பது இரண்டாவது. கழற்றுவதற்கு முன் எடுத்த காணொளியில் கோப்பையில் மை இறங்குவது தெரிகிறது, அதையும் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது, ‘கொழும்புக் கிளைக்கு நேரில் கொண்டுவாருங்கள்’. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு பஸ் ஏறி, பகலில் உங்கள் கவுண்டரில் நின்று, மறுபடி இரவு பஸ் ஏறவேண்டும். விற்கும்போது வாசலுக்கு வரும் கூரியர், பிழையைத் திருத்தும்போது மட்டும் வராதா?

நான் கேட்பது இது. முதல் விருப்பம், பேனை என்னிடமே இருக்க, பாவிக்காத 14 காரட் ஃபைன் நிப்பை வெடிப்பில்லாத வளையத்தோடும் நாக்கோடும் முழுத் தொகுதியாகவும், பார்க்கருக்கு உரிய கன்வேட்டர் ஒன்றையும் உங்கள் செலவில் அனுப்புங்கள். அனுப்புமுன் கழற்றி எடுத்த படத்தைக் காட்டுங்கள். அந்த நிப் உங்களிடம் இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அப்போது முழுப் பணம் ரூபா 38,500உம் இரு வழிக் கூரியர் கட்டணமும் திரும்ப வரவேண்டும், பொதியை உங்கள் கூரியர் கல்லடிக்கு வந்து எடுக்கவேண்டும். இரண்டாவது வழியை நான் முதலில் கேட்காததற்குக் காரணம் உண்டு. கடையில் நாளையும் கிடைக்கும் பொருளென்றால் பணத்தைத் திருப்பினால் கணக்கு முடிந்தது. இதன் உடலும் மூடியும் குறையில்லாமல் இருக்கின்றன, பார்க்கரின் இங்கிலாந்துத் தொழிற்சாலையும் 2010ஐ ஒட்டி மூடப்பட்டுவிட்டது. நான் திருப்பி அனுப்பினால் அதே வெடித்த வளையத்தோடு இன்னொருவருக்கு ‘இன்னும் 2 மட்டுமே’ என்று போய்ச் சேரும் என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது.

ஆகவே மிச்சம் இருப்பவற்றை அனுப்புமுன் ஒன்றைச் செய்யுங்கள், ஒரு பேனைக்கு ஒரு நாள் போதும். அறை வெப்பத் தண்ணீரில் 24 மணித்தியாலம் ஊறவையுங்கள். சுடுநீர் வேண்டாம், பிளாஸ்ரிக் கோணும். ஸ்பிரிட்டும் வேண்டாம். ரப்பர் வைத்துக் கையால் மட்டும் திருகுங்கள், வராவிட்டால் இன்னொரு நாள் ஊறட்டும். குறடு தொடவே கூடாது. கழன்றதும் வளையத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுற்றிப் பாருங்கள். மை இருந்தால் விளம்பரத்தில் ‘பாவித்தது’ என்று எழுதி விலையைக் குறையுங்கள், வாங்குவதற்கு ஆள் இருக்கிறது.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வேன். ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையைப் பற்றி அதன் 30ஆம் பிரிவும், பொய்யான விவரணத்தைப் பற்றி 31ஆம் பிரிவும் பேசுகின்றன. வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்யவேண்டும் என்பது தெரியும், ஆகவே பதிலை இழுத்தடித்து அந்தத் திகதியைக் கடத்தலாம் என்று எண்ணவேண்டாம். பற்றுச்சீட்டின் பிரதி, விளம்பரத்தைத் திரையில் பிடித்த படங்கள், வளையத்தின் வெடிப்பும் நிப்பின் தேய்ந்த முலாமும் தெரியும் ஒன்பது படங்கள், காணொளி எல்லாம் உங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பியிருக்கிறேன்.

பேனை இப்போது கழற்றியபடி ஒரு டப்பாவில் இருக்கிறது. உங்கள் பதில் வரும்வரை அதில் மை ஊற்றமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்