அமில பம்ப்: எஸ்.எஸ். எல்லாவற்றுக்கும் தீர்வல்ல

ஆசிரியருக்கு,

'எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பம்ப் எதையும் தாங்கும்' என்ற நம்பிக்கை சிறு ஆலைகளை விட்டு இன்னும் போகவில்லை. 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 316 என்ற உயர்ரக எஸ்.எஸ்.ஸையே அரித்துவிடும். அதற்கு, சூடு 60 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால், பாலிப்ரொப்பிலீன் (ஒரு வகை பிளாஸ்டிக்) பம்பே போதும். ஆனால் அடர் நைட்ரிக் அமிலத்தில் அதே பாலிப்ரொப்பிலீன் நொறுங்கும். அங்கேதான் 304 ரக எஸ்.எஸ். உதவும்.

98 சதவீத கந்தக அமிலத்தின் ஒப்படர்த்தி 1.84, அதாவது தண்ணீரைவிட அத்தனை மடங்கு கனம். தண்ணீருக்குக் கணக்கிட்ட மோட்டார் ஓவர்லோடில் ட்ரிப் ஆகும். கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் விட்டான் ரப்பராக இருக்கட்டும், ஈ.பி.டி.எம். ரப்பர் வேண்டாம்.

சீல் கசிவுக்குப் பயந்து, சீல் இல்லாமல் காந்த விசையால் சுழலும் காந்த இயக்க பம்ப் வாங்குவது சரியே. ஆனால் அதன் பேரிங்கைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் அமிலம்தான். டேங்க் காலியான பிறகும் ஓடினால் செராமிக் பேரிங் சூடேறி விரிசல் விடும். டேங்கில் அமிலம் குறைந்ததும் பம்பை நிறுத்தும் லெவல் சுவிட்ச் இல்லாமல் இதை வாங்குவது, என் பார்வையில், வீண் செலவு.

கொட்டேஷன் கேட்பவர்கள் அமிலத்தின் பெயரை மட்டும் எழுதுகிறார்கள். செறிவு சதவீதம், வெப்பநிலை, கலந்துள்ள மாசு மூன்றும் வேண்டும். பழுதுக்குக் கழற்றும்போது கந்தக அமிலத்தை முழுதாக வடித்த பிறகே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்ச அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் கொதித்து முகத்தில் தெறிக்கும்.

– பராமரிப்புப் பொறியாளர், ராணிப்பேட்டை